ஒதீல் கேட்ட பேரிங்

ஓய்வு பெறும் நாளில் கொடுக்கிற பரிசை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? ஒதீல் வெர்தியே கொடுத்தாள். அதுவும் இயக்குநர் பேசி முடித்து, எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தபோது.

மலிவான பரிசும் அல்ல. வாதுமை மரப்பலகை, அதன் நடுவே டீசல் எஞ்சினிலிருந்து எடுத்த பேரிங்கின் ஒரு பாதி, கீழே பித்தளைத் தகட்டில் அவள் பெயர். பேரிங் என்றால் புதுசு இல்லை. தோல் உரிந்து, உள்ளேயிருக்கும் செம்பு பல் இளிக்கிற பேரிங். அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை ஒரு முறை பார்த்தாள். பிறகு இயக்குநர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"இது வேண்டாம் மிசியே. இன்னொண்ணு இருந்ததே, தேயாதது. அது எங்கே?"

கைதட்டல் அப்படியே நின்றுவிட்டது. இயக்குநர் ரூவியேயின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கோப்பையை வாயில் வைத்து மறைத்துக்கொண்டேன். அவளுடைய ஷிஃப்டில் ரியாக்டரை ஓட்டுகிற நாற்காலியில் வெகுகாலம் உட்கார்ந்தவன் நான். ரெமி என்பார்கள். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று அந்தக் கூடத்தில் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் கிழவிக்குக் கொழுப்பு என்று நினைத்திருப்பார்கள். கொழுப்பு உண்டுதான், நான் மறுக்கவில்லை.

அந்தக் கொழுப்பு பிறவிக் கொழுப்பு. எங்கள் அணுமின் ஆலை நிற்கிற இடம் முன்பு அவளுடைய சித்தப்பாவின் அப்ரிகாட் தோப்பு. ஆலை கட்ட வந்தபோது அவள் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில் இருந்தாள். மற்றப் பெண்கள் ஆலையை எதிர்த்துப் பதாகை பிடித்தார்கள். இவள் அழுகின அப்ரிகாட்டைக் கூடையில் கொண்டுவந்து போலீஸ்காரர்கள் மேல் வீசினாள். குறி தப்பாது என்று இன்றைக்கும் ஊரில் பேச்சு உண்டு. அதே பெண் சில வருஷம் கழித்து அதே ஆலையில் வேலைக்கு மனுப் போட்டபோது ஊரே வாயைப் பிளந்தது. அவள் அப்பா சாப்பாட்டு மேஜையில் அவள் பக்கம் ரொட்டியைத் தள்ளுவதையே நிறுத்திவிட்டார். கூட நின்று பதாகை பிடித்தவர்கள் துரோகி என்றார்கள். அவள் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம், ஏனென்றால் பிறகு எங்களை அடக்குவதற்கும் அதையே பயன்படுத்தினாள்.

"வெளியே நின்னு கத்தினா சுவருக்குத்தான் கேக்கும். உள்ளே போய்க் கத்தினா ஆளுக்குக் கேக்கும்."

உள்ளே போனாள், கத்தவும் செய்தாள். பம்ப்புகளைச் சுற்றிப் பார்த்துவரும் வேலையில் தொடங்கி, எங்கள் ஷிஃப்டின் தலைவியாக ஆகிற வரைக்கும் யாரிடமும் அவள் வாயை மூடிக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. வெளியிலும் அதே கதைதான். ரொட்டிக்கடை கஸ்பாரிடம் ரொட்டி எடை குறைகிறது என்று சண்டை. மேயரிடம் தெருவிளக்குக்காகச் சண்டை. புருஷன் லூசியான் மட்டும் தப்பித்தான். அவன் வாயைத் திறப்பதே சாப்பிடுவதற்கும் அப்ரிகாட் மரங்களைத் திட்டுவதற்கும்தான். அப்படிப்பட்டவனிடம் எவ்வளவுதான் சண்டை போடுவது?

இனி அந்தப் பேரிங் விஷயம். நாங்கள் மின்சாரம் செய்கிறவர்கள்தான். ஆனாலும் எங்கள் ரியாக்டரைக் குளிரவைக்கிற பம்ப்புகள் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை நம்பித்தான் இருக்கின்றன. புயலிலோ பனியிலோ லைன் அறுந்தால் ரியாக்டர் தானாக நின்றுவிடும். ஆனால் நின்ற பிறகும் அதன் சூடு போகாது, பம்ப் ஓடியே ஆகவேண்டும். அதற்காக ஒவ்வொரு ரியாக்டருக்கும் இரண்டு டீசல் எஞ்சின்கள். ஏ ஒன்று, பி ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவு பெரிது. வருஷம் முழுக்கத் தூங்கும், லைன் போனால் பத்து எண்ணுவதற்குள் எழுந்து முழு பாரத்தையும் தூக்கவேண்டும். அப்போது எழாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரில் யாரும் சாப்பாட்டு நேரத்தில் பேசமாட்டோம்.

அந்த எஞ்சின் உள்ளே சுழலும் கிராங்க் தண்டைப் பிடித்துக்கொள்கிற வளையம்தான் பேரிங். இரண்டு பாதியாக வரும். தண்டுக்கும் அதற்கும் நடுவே முடியளவு எண்ணெய் நிற்கும். அந்த எண்ணெய்தான் உயிர். ஏ டீசலின் பேரிங் ஒருநாள் தேய்ந்துபோனது. மாற்றினார்கள். கொஞ்சநேரம்தான் ஓடியிருக்கும், வடிகட்டியில் மறுபடி உலோகத் தூள். மாற்றினார்கள். மறுபடி தூள். இத்தனைக்கும் பழைய வகைப் பேரிங் தலைமுறைக்கு உழைத்தது. அதைச் செய்வது நின்றுபோய்ப் புது வகை வந்தபிறகுதான் இந்தக் கூத்து.

ஆனால் புது வகை மேல் பழி போடப் பாரிஸ் தலைமையகத்தில் யாருக்கும் மனசில்லை. முதல் தடவை எண்ணெயில் அழுக்கு என்றார்கள். இரண்டாம் தடவை, மாட்டியவன் கை சரியில்லை என்றார்கள். மாட்டியவன் அன்செல்ம். எங்கள் டீசல் பட்டறையின் தலைமை மெக்கானிக். வாழ்நாள் முழுக்கப் போல்ட் முறுக்கிய மனிதனைப் போல்ட் முறுக்கக் கற்றுக்கொள்ளும் வகுப்புக்கு அனுப்பினார்கள். போனான், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கினான், வந்தான். அவன் மாட்டியதும் மறுபடி தேய்ந்தது. மூன்றாம் தடவை என்ன காரணம் சொன்னார்கள் என்பது எனக்கு மறந்துவிட்டது. சொன்னவர்களுக்கும் மறந்திருக்கும்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். தினமும் ஷிஃப்ட் தலைவர் ஆலையைத் தானாகச் சுற்றிப் பார்த்து, எது தயார், எது தயார் இல்லை என்று முடிவு செய்வார். அதே நாளில் பாதுகாப்புப் பொறியாளர் என்று ஒருவர் தனியாக வந்து, ஷிஃப்ட் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தானும் பார்த்து முடிவு செய்வார். பிறகு இருவரும் ஒரு மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து சொல்லவேண்டும். எங்கள் பேச்சில் இதற்கு மோதல் என்று பெயர். இதில் பொறியாளர்தான் முதலில் வாய் திறக்கவேண்டும். ஷிஃப்ட் தலைவரின் அனுபவம் அவரை மிரட்டிவிடக் கூடாது என்று அப்படி. வேறுபாடு வந்தால் சரிபார்ப்பார்கள். யார் சொன்னது தப்போ அவர் அடுத்த நாள் எல்லோருக்கும் போஞ் வாங்கி வரவேண்டும். போஞ் என்றால் எங்கள் பக்கத்து வளைய ரொட்டி, ஆரஞ்சுப் பூ வாசம் வரும். பெரும்பாலும் ஏதாவது ஒரு வால்வு, ஒரு விளக்கு என்று அற்ப விஷயமாக இருக்கும். நாங்கள் போஞ் தின்போம், மறந்துவிடுவோம்.

அந்த ஜனவரியில் வந்தது அற்ப விஷயம் இல்லை.

வடகாற்று நாள் கணக்காக அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் மிஸ்த்ரால் காற்றைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம், தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பிரான்ஸ் முழுக்கக் குளிர், வீட்டுக்கு வீடு ஹீட்டர், ஒவ்வொரு ஆலையும் மூச்சுப் பிடித்து ஓடிக்கொண்டிருந்தது. ஏ டீசல் பேரிங் மாற்றுவதற்காகத் திறந்து கிடந்தது. மிச்சம் இருந்தது பி மட்டும். அதிலும் அதே புது வகைப் பேரிங்தான். அன்று வந்த பரிசோதனையில் பி டீசலின் எண்ணெயில் உலோகம் கூடியிருந்தது. ஆனால் வரம்பைத் தாண்டவில்லை. பி-யும் தயார் இல்லை என்று ஆகிவிட்டால் இரண்டும் இல்லை. இரண்டும் இல்லாவிட்டால் ரியாக்டரை நிறுத்தவேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

மோதலுக்கு வந்த பொறியாளர் பாஸ்தியான். முப்பது வயது இருக்கும், பெரிய கல்லூரியில் படித்தவன், தலைக்கனம் இல்லாதவன், வேலையை ஒழுங்காகச் செய்கிறவன். ஒதீலுக்கு அவனைப் பிடிக்கும். பிடித்தவர்களைத்தான் அதிகம் திட்டுவாள் என்பதால் எங்களுக்கு அது தெரியும். நான் காப்பி கொண்டுபோனவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

"பி தயார்," என்றான் பாஸ்தியான். "எண்ணெயில உலோகம் ஏறியிருக்கு, ஆனா வரம்புக்குள்ளதான் இருக்கு. சோதனையிலயும் நல்லா ஓடிச்சு."

"ஏ டீசலும் சோதனையில நல்லாத்தான் ஓடிச்சு, ஒவ்வொரு தடவையும்," என்றாள் ஒதீல். "என்னைக் கேட்டா பி தயார் இல்லை."

"அப்போ வரம்புன்னு ஒண்ணு எதுக்கு ஒதீல் வெச்சிருக்கோம்?"

"அந்த வரம்பு பழைய பேரிங்கைப் பார்த்து வெச்சது தம்பி. இந்தப் புதுசுக்கு எது வரம்புன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததைத் தயார்னு நான் சொல்ல மாட்டேன்."

அரை மணியில் இயக்குநர் ரூவியே கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல் வந்துவிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே பாரிஸ், பாரிஸுக்கு மேலே அமைச்சகம், எல்லோரும் அவர் காதிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். இன்று மாலை ஒரு ரியாக்டர் குறைந்தால் எத்தனை ஊர் இருளும் என்று நிதானமாகத்தான் எடுத்துச் சொன்னார். பாஸ்தியானே தயார் என்று சொல்லும்போது ஒருத்தி மட்டும் எதிர்நிற்பது நியாயமா என்றார். ஒதீல் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு ஜன்னலைக் காட்டினாள்.

"வெளியே காத்தைக் கேளுங்க மிசியே. இன்னைக்கு லைன் அறுந்து, இந்த டீசலும் மடங்கிடுச்சுன்னா, பம்ப்பை ஓட்ட நீங்க வந்து பெடல் மிதிப்பீங்களா?"

"நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்துட்டுப் போகட்டும்."

எங்கள் விதியில் ஒரு நல்ல சங்கதி உண்டு. ரியாக்டரை இறக்குவதற்கு, அதாவது நிறுத்துவதற்கு, ஷிஃப்ட் தலைவருக்கு யார் அனுமதியும் வேண்டாம். ஏற்றுவதற்குத்தான் வேண்டும். அவள் இயக்குநரைத் தாண்டி என்னைப் பார்த்தாள். "ரெமி, இறக்கு."

உண்மையைச் சொன்னால், அன்று எனக்கும் அவள் மேல் எரிச்சல்தான். பாஸ்தியான் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. ஆனாலும் தலைவி சொன்னபிறகு நான் யார்? இறக்கினேன். அன்று சாயங்காலம் மலைப்பக்கத்து ஊர்களில் விளக்கு அணைந்தது. அங்கே என் மாமியார் வீடும் உண்டு. அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதினால் அச்சில் ஏறாது.

மறுநாள் அன்செல்ம் பி டீசலைத் திறந்தான். இயக்குநர், பாரிஸிலிருந்து வந்த இரண்டு பேர், பாஸ்தியான், நாங்கள் என்று சுற்றி ஒரு கூட்டம். ஒவ்வொரு பேரிங்காக எடுத்தான். எல்லாம் சுத்தம். ஐந்தாவதை எடுத்தபோது அன்செல்ம் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை, அப்படியே ஒதீல் கையில் கொடுத்தான். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. ஒரு கீறல் இல்லை. எண்ணெயில் வந்த உலோகம், முன்பு இதே எஞ்சினில் இருந்து தேய்ந்த பழைய வகைப் பேரிங்கின் தூள். குழாய் வளைவில் தங்கியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா இருக்கு. சந்தோஷம்," என்று அன்செல்மிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இயக்குநர் காத்துக்கொண்டிருந்தார். "வேற ஏதாவது சொல்லணும்னு உங்களுக்குத் தோணலையா மாதாம்? வருத்தம் மாதிரி?"

"எதுக்கு வருத்தம்? டீசல் நல்லா இருக்குன்னு தெரிஞ்சதுக்கா?"

சொல்லிவிட்டாள், ஆனால் தப்பு தப்புதானே. வழக்கப்படி போஞ் அவள்தான் வாங்கவேண்டும். வாங்குவாளா, முரண்டு பிடிப்பாளா என்று எங்களுக்குள் ஒரே கிசுகிசுப்பு. மறுநாள் காலையில் இரண்டு கைகளாலும் தூக்கவேண்டிய அளவுக்கு ஒரு போஞ்சைக் கட்டுப்பாட்டு அறைக்குள் கொண்டுவந்தாள். கஸ்பார் கடையில் அவ்வளவு பெரிசாக யாரும் வாங்கியதில்லை. அவளே வெட்டி, பாஸ்தியானுக்கு முதல் துண்டு கொடுத்தாள். பாரிஸ்காரர்களுக்குக் கொடுத்தாள். இயக்குநரின் அறைக்கே போய் மேஜையில் ஒரு துண்டை வைத்துவிட்டு வந்தாள். தலை மட்டும் குனியவே இல்லை.

"நல்லா சாப்பிடுங்க," என்றாள் எங்களிடம். "அடுத்த தடவையும் நானே வாங்கறேன்."

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இவள் திரும்பவும் செய்வாள்.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. எதற்கும் 'தயார் இல்லை' என்கிறவள் என்று 'மாதாம் இல்லை' எனப் பெயர் வைத்தார்கள். கஸ்பார் கடையில் வரிசையில் நின்றபோது, எல்லோரும் கேட்க அவன், "இன்னைக்கு அடுப்பு எரியலாமா மாதாம், இல்லே அணைச்சிடவா?" என்றான். "உன் ரொட்டியைப் பார்த்தா அணைக்கிறதுதான் ஊருக்கு நல்லது," என்று சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு போனாள். வெளியே வந்தபோது அவள் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். வலிக்காத ஜென்மம் இல்லை அவள். வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

இயக்குநர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். களைப்பாக இருக்கிறீர்கள், பாரிஸ் பக்கத்தில் பயிற்சிப் பள்ளியில் நல்ல இடம் இருக்கிறது, உங்கள் அனுபவம் இளைஞர்களுக்குப் பயன்படும் என்று தேன் தடவிச் சொன்னார். தான் களைப்பாக இல்லை, கோபமாக இருக்கிறேன், இரண்டும் வேறு வேறு என்று இவள் பதில் சொன்னாள். கடைசியில் அவர் தேனை எடுத்துவிட்டார். இன்னொரு தடவை இப்படிக் காரணமில்லாமல் ரியாக்டர் இறங்கினால் ஷிஃப்ட் தலைவி நாற்காலி அவளுக்கு இருக்காது. இதை அவளே எங்களிடம் வந்து சொன்னாள். காப்பியில் சர்க்கரை இல்லை என்று சொல்கிற குரலில்.

அந்த நாற்காலிதான் அவளுடைய சொத்து. அதற்காகத்தான் அப்பாவின் கோபத்தைத் தாங்கினாள். அது போனால் அவள் உள்ளே வந்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும். எங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மார்ச்சில் மறுபடி வந்தது. ஏ டீசல் மறுபடி திறந்து கிடந்தது. பி டீசலின் எண்ணெயில் மறுபடி உலோகம். இந்த முறை ஜனவரியை விடக் குறைவு, வரம்புக்கு வெகு கீழே. அதே நிலைமை, அதைவிடச் சின்ன காரணம். காலையில் அவள் உடை மாற்றும் அறையிலிருந்து வரும்போதே நான் வழிமறித்தேன். என் பயம் எனக்கு. அவள் போய்விட்டால் அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவார்களோ?

"இந்த ஒரு தடவை விட்டுடு தாயே. எல்லாரும் வரம்புக்குள்ளன்னு சொல்றாங்க. நீயும் சொல்லிட்டுப் போ. யாரும் உன்னைக் கேக்கப்போறதில்லை."

"போன தடவை நான் தப்பாயிட்டேன்கறதுக்காக இந்தத் தடவை கண்ணை மூடிக்கணுமா ரெமி?"

"மூட வேண்டாம். அரைக் கண்ணு போதும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. "ஜனவரியில சொன்னது எனக்குச் சுலபம்டா. அப்போ நான் தப்பா இருப்பேன்னு நினைக்கலை. இன்னைக்குத்தான் பயமா இருக்கு."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அதோடு உள்ளே போய் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். பாஸ்தியான் ஏற்கனவே அங்கே இருந்தான். வழக்கப்படி அவன்தான் முதலில் சொல்லவேண்டும். தயார் என்று ஒரு சொல் போதும், எண்கள் எல்லாம் அவன் பக்கம். அவன் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

"ஜனவரியில அது பழைய தூள்னு கண்டுபிடிச்சோம்," என்றான். "அதுக்கப்புறம் குழாய் எல்லாம் கழுவிட்டாங்க. இப்போ வந்திருக்கிறது எங்கேயிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியலை. தெரியாததைத் தயார்னு நானும் சொல்ல மாட்டேன். பி தயார் இல்லை."

ஒதீல் காப்பிக் கோப்பையை அவன் பக்கம் தள்ளினாள். பிறகு, "என் முடிவும் அதுதான்," என்றாள்.

இருவரும் ஒத்துப்போனதால் மோதலே இல்லை. இயக்குநர் வந்தபோது வாதாட ஆள் இல்லாமல் தவித்தார். ஆனாலும் பொறுப்பு ஷிஃப்ட் தலைவியுடையது, நாற்காலியும் அவளுடையதுதான் என்று நினைவுபடுத்திவிட்டுப் போனார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் சொல்வதற்குள் இறக்க ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் பி டீசலைத் திறந்தபோது அவள் வரவில்லை. இரவு பனி விழும் என்று வானிலைச் செய்தி சொல்லியிருந்தது. அப்ரிகாட் பூத்திருந்த நேரம். பனி விழுகிற இரவுகளில் தோப்பில் மரத்துக்கு மரம் மெழுகு டின் வைத்துக் கொளுத்திச் சூடு கொடுக்காவிட்டால் அந்த வருஷத்துக் காய் அவ்வளவுதான். நான் பட்டறையிலிருந்து நேராக அவள் வீட்டுத் தோப்புக்குப் போனேன். லூசியான் வண்டியிலிருந்து டின்களை இறக்கிக்கொண்டிருந்தான், இவள் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள்.

"போயிடுச்சு ஒதீல்," என்றேன். "ரெண்டு பேரிங்குல தோல் உரிஞ்சு செம்பு தெரியுது. இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணியிருந்தா தண்டு இறுகிப்போயிருக்கும்னு அன்செல்ம் சொல்றான்."

அவள் நிமிர்ந்தாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளிறிப்போயிற்று. "ஏ-வும் இல்லாம இதுவும் இல்லாம இருந்திருக்கோம்," என்றாள். "எவ்வளவு நாளா, ரெமி?" அவள் அடுத்த டின்னை எடுத்தாள், நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

இருட்டுவதற்கு முன்னால் இயக்குநரும் வந்தார், நகரத்துச் செருப்போடு சேற்றில். பாரிஸ் இறங்கிவந்துவிட்டது, புது வகைப் பேரிங் இருக்கிற எல்லா ஆலைகளிலும் மாற்றப் போகிறார்கள் என்றார். மனசார வாழ்த்தினார். "நீங்க சொன்னது சரியா இருந்தது மாதாம்."

"ரெண்டு தடவையும்," என்றாள் ஒதீல்.

"முதல் தடவை பேரிங் நல்லா இருந்ததே."

"அதனால?"

அவருக்கு அது புரியவில்லை. நல்ல மனிதர், ஆனால் புரியவில்லை. இந்த முறைதான் சரி, அந்த முறை தப்பு, கடைசியில் கணக்கு நேராயிற்று என்று அவர் எண்ணிக்கொண்டு போனார். ஊரும் அப்படித்தான் எண்ணிக்கொண்டது. கஸ்பார்கூட அடுத்த வாரம் அவளுக்கு ஒரு ரொட்டியை இலவசமாக நீட்டினான். அவள் அதை எடை போடச் சொன்னாள்.

இனிமேல் அந்தக் கூடத்துக்குத் திரும்பலாம். இரண்டு வருஷம் கழித்து, அவள் ஓய்வு பெறும் நாள். தோல் உரிந்த பேரிங்கைப் பலகையில் பதித்துக் கொடுத்தால் மகிழ்ந்துபோவாள் என்று நிர்வாகம் நினைத்தது. அவள் தேயாததைக் கேட்டாள். இயக்குநர் விழித்தார். பின்வரிசையிலிருந்து அன்செல்ம் எழுந்து பட்டறைக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் அது இருந்தது. ஒருமுறை கழற்றியதை மறுபடி மாட்டுவதில்லை, அதனால் இத்தனை நாளும் போல்ட்டுகளைப் போட்டு வைக்கிற கிண்ணமாக அதை வைத்திருந்திருக்கிறான். கால்சட்டையில் துடைத்துக் கொடுத்தான்.

ஒதீல் அதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"அந்தப் பலகையில இருக்கிறதைப் பார்த்தா யார் வேணும்னாலும் நிறுத்துன்னு சொல்லுவாங்க. அதுக்கு நான் வேண்டியதில்லை. உள்ளே என்ன இருக்குன்னு தெரியாதபோது நிறுத்தறதுக்குத்தான் எனக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தீங்க. என் வேலை இதுதான். இதுக்குத்தான் சிரிச்சீங்க. நாளைக்கு அந்த நாற்காலியில இன்னொருத்தர் உட்காருவாங்க. அவங்க இறக்கி, திறந்து பார்த்து, இப்படிப் பளபளன்னு இருந்தா, அப்பவும் சிரிப்பீங்களா?"

இயக்குநர் கையிலிருந்த பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நானும் அந்த ஜனவரியில் அவள் மேல் எரிச்சல்பட்டவன்தானே, என் தலை குனிந்துவிட்டது.

அப்போதுதான் கதவு திறந்தது. பாஸ்தியான். அவனைப் பாரிஸுக்கு மாற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ரயில் தாமதம் என்று மூச்சு வாங்கச் சொன்னான். இரண்டு கைகளிலும் ஒரு போஞ், கஸ்பார் கடைத் தாளில் சுற்றியது, அன்று அவள் கொண்டுவந்த அதே அளவு. கூடத்தைக் குறுக்காக நடந்துவந்து அவள் முன்னால் மேஜையில் வைத்தான்.

"இது எதுக்குத் தம்பி?" என்றாள் ஒதீல்.

"ஜனவரிக்கு. அன்னைக்குத் தோத்தது நான்தான். நீங்க ஏன் வாங்கினீங்கன்னு எனக்கு ரொம்ப நாள் புரியலை."

அவள் அந்தப் பேரிங்கைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. நாங்கள் பார்த்து அவள் கண் கலங்கியது அந்த ஒரு தடவைதான். பிறகு கத்தியை எடுத்தாள்.

"ஆறிப்போயிருக்கு," என்றாள். "எடையும் குறைச்சல்." சொல்லிக்கொண்டே வெட்டினாள். முதல் துண்டு அவளே எடுத்துக்கொண்டாள்.

எங்கள் கட்டுப்பாட்டு அறையில் போஞ் வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. ஒன்று மட்டும் மாறிவிட்டது. யாராவது தயார் இல்லை என்று சொல்லி, திறந்து பார்த்தபோது எல்லாம் நன்றாக இருந்தால், அவர் வாங்கவேண்டியதில்லை. நாங்கள் வாங்குகிறோம், அவருக்கு.